ஆசிரியரும் சேர்ந்து எழுதும் தேர்வு

நேயர்களுக்கு வணக்கம்.

நல்ல ஆசிரியர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டார்கள். யாராவது பள்ளிக்கூட வாத்தியாரைப் பற்றித்தான் பேசுவேன் என்று நினைத்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஜோடி நடனம் ஆடும் ஒருவரை. பெயர் டெரெக் ஹஃப்.

எனக்கு நடனம் தெரியாது. வங்கி ஊழியர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்து ஓய்வுபெற்றவன் நான். நாற்பது, ஐம்பது வயதானவர்களுக்குப் புதிதாக ஒன்றைச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு பெரிய பாடு என்பது மட்டும் நன்றாகத் தெரியும். குழந்தை தப்பாகச் செய்தால் சிரித்துவிட்டு மறுபடியும் செய்யும். பெரியவர் தப்பாகச் செய்தால், யாராவது பார்த்துவிட்டார்களா என்று முதலில் திரும்பிப் பார்ப்பார். அந்த வெட்கம் போவதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும். டெரெக் ஹஃப்பின் மாணவிகளெல்லாம் பெரியவர்கள். போதாக்குறைக்கு ஊரறிந்த பிரபலங்கள். தப்பு செய்தால் நாடே பார்க்கும்.

நிகழ்ச்சியின் பெயர் 'டான்ஸிங் வித் த ஸ்டார்ஸ்'. பிபிசியில் 2004-ல் வந்த 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்ஸிங்' என்ற நிகழ்ச்சியின் அமெரிக்க வடிவம். 2005-ல் ஏபிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்தது. இந்தியில் வரும் 'ஜலக் திக்லா ஜா' இதே குடும்பம்தான். ஒரு நடிகையோ பாடகரோ விளையாட்டு வீரரோ, கூடவே ஒரு தொழில்முறை நடனக்காரர். ஒரு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டு வந்து ஆட வேண்டும். நடுவர்கள் ஆளுக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள், மக்கள் வாக்களிப்பார்கள், கடைசி இடத்தில் இருக்கும் ஜோடி வெளியேறும். டெரெக் ஆடிய காலத்தில் திங்கட்கிழமைதான் நேரலை. இந்தத் திங்கள் தப்பித்தால் அடுத்த திங்களுக்குள் புதிதாக ஒரு ஆட்டம் தயாராக வேண்டும்.

இதில் என்னை இழுத்த விஷயம், ஆசிரியர் ஓரமாக நின்று கைதட்ட முடியாது என்பது. மாணவியின் கையைப் பிடித்துக்கொண்டு அவரும் மேடையேற வேண்டும். மதிப்பெண் இருவருக்கும் சேர்த்துத்தான். பாடம் சரியில்லை என்றால் வீட்டுக்குப் போவதும் இருவரும்தான். நம் பயிற்சி நிலையங்களில் இப்படி ஒரு விதி வந்தால் எத்தனை பேர் மிஞ்சுவோம் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு.

டெரெக் பிறந்தது 1985 மே மாதம், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துச் சால்ட் லேக் சிட்டியில். மூன்று அக்கா, ஒரு தங்கை, நடுவில் இவர் ஒரே பையன். பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்களிடம் கேலியும் அடியும் நிறையவே வாங்கியிருக்கிறார். பெற்றோருக்குள் பிரிவு வந்த நேரத்தில், பன்னிரண்டு வயதில் அவரை லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே கார்க்கி பாலஸ், ஷெர்லி பாலஸ் என்ற தம்பதி வீட்டில் தங்கிப் படிப்பதாக ஏற்பாடு. இந்த இருவரும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஜோடி நடன உலகத்தின் மிகப் பெரிய போட்டி நடக்கும் பிளாக்பூலில், 1995-லும் 1996-லும் லத்தீன் ஆட்டங்களுக்கான பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றவர்கள். ஷெர்லிதான் 2017 முதல் பிபிசி நிகழ்ச்சியின் தலைமை நடுவர்.

ஒரு வருடத்துக்கு என்று போன பையன் பத்து வருடம் தங்கிவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளை மார்க்கும் இவரும் அண்ணன் தம்பி மாதிரி வளர்ந்தார்கள். கொஞ்ச நாளில் தங்கை ஜூலியானும் வந்து சேர்ந்தார். பகலில் இத்தாலியா கோன்டி என்ற கலைப்பள்ளி, மற்ற நேரமெல்லாம் ஆட்டமும் போட்டியும். நாம் குருகுலவாசம் என்போமே, கிட்டத்தட்ட அதேதான். குரு சாப்பிடும் மேஜையிலேயே சாப்பிட்டு, குரு தோற்று வந்த நாளில் அவர் முகத்தையும் பார்த்து வளர்வது. பின்னாளில் இந்த மூன்று பிள்ளைகளுமே அமெரிக்க நிகழ்ச்சியில் கோப்பை வாங்கினார்கள். அதில் தங்கை முந்திக்கொண்டார். 2007-ன் இலையுதிர்காலத்தில் டெரெக் உள்ளே நுழையும்போது ஜூலியான் ஏற்கெனவே ஒரு கோப்பையைக் கையில் வைத்திருந்தார்.

சரி, ஜோடி நடனத்தில் பாடம் எப்படி நடக்கிறது? வால்ட்ஸ் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று தட்டுகள் கொண்ட ஆவர்த்தனம். ஆணின் வலது உள்ளங்கை பெண்ணின் இடது தோள்பட்டை எலும்பின் மேல் இருக்கும். ஆணின் இடது கை பெண்ணின் வலது கையைப் பிடித்திருக்கும். இந்தக் கைக்கட்டை ஃபிரேம் என்பார்கள். ஆண் முன்னால் வரும்போது பெண் பின்பக்கமாக நடக்கிறார், எங்கே போகிறோம் என்று பார்க்காமலேயே. கையால் தள்ளக் கூடாது, இழுக்கவும் கூடாது. இப்போது நகரப்போகிறேன், இந்தப் பக்கம் திரும்பப்போகிறேன் என்பதையெல்லாம் ஆணின் நெஞ்சும் வயிறும்தான் முதலில் சொல்லும். அந்தச் செய்தியை ஃபிரேம் கொண்டுபோய்ச் சேர்க்கும். தோள் தளர்ந்துவிட்டால் செய்தி வழியிலேயே தொலைந்துவிடும்.

மெதுவான வால்ட்ஸில் நிமிடத்துக்கு முப்பது ஆவர்த்தனத்துக்குள்தான் வரும். வியன்னா வால்ட்ஸ் அதைப் போல இரண்டு மடங்கு வேகம், நிமிடத்துக்கு 180 தட்டு. அந்த வேகத்தில் 'இப்போது வலது கால்' என்று காதில் சொல்லி முடிப்பதற்குள் மூன்று அடி தாண்டியிருக்கும். அதனால் கற்றுக்கொடுப்பது முழுக்க உடம்பு வழியாகத்தான் நடக்கிறது. டிரைவிங் ஸ்கூல் காரில் வாத்தியார் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் வைத்திருப்பார்களே, இது அந்த மாதிரி. மாணவி தடுமாறினால் யாருக்கும் தெரியாமல் இவர் சமாளித்துவிடலாம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டெரெக் ஹஃப் ஆறு முறை கோப்பை வென்றவர், அந்த நிகழ்ச்சியில் வேறு எந்த நடனக்காரருக்கும் அத்தனை இல்லை. ஆனால் அவருடைய பிரபல ஜோடிகள் எல்லோரும் பெண்கள். வழிநடத்தும் வேலை கடைசிவரை அவர் கையிலேயே இருந்தது. ஒரு பெண் நடனக்காரருக்கு இந்த வசதி இல்லை. நேற்றுவரை ஆடத் தெரியாத ஒரு ஆணை வழிநடத்தப் பழக்க வேண்டும், மேடையில் அவர் வழிநடத்துவது போலவும் தெரிய வேண்டும், தான் பின்பக்கமாக நடந்துகொண்டே அவரைக் காப்பாற்றவும் வேண்டும். 2016-ல் பீட்டா மர்கட்ராய்ட் என்ற ஆசிரியை, காது கேளாத நைல் டிமார்கோவுடன் ஆடிக் கோப்பை வாங்கினார். இசை கேட்காத ஒருவர் தாளத்தோடு வழிநடத்தினார் என்றால், தொட்டுத் தொட்டுச் சைகை கொடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் கைகளுக்கு எவ்வளவு வேலை இருந்திருக்கும்! ஆறு கோப்பைக் கணக்கைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

அப்படியானால் ஏன் டெரெக்? அவர் யாரை எப்படிப் பார்த்தார் என்பதற்காக.

2010-ல் ஜெனிஃபர் கிரே அவருக்கு ஜோடியாக வந்தார். 1987-ல் வந்த 'டர்ட்டி டான்சிங்' படத்தின் கதாநாயகி. ஆட்டத்தைப் பற்றிய படம் என்பதால் எல்லோரும் இவருக்கு ஆட்டம் வரும் என்றே நம்பினார்கள். ஆனால் அவருக்கு அப்போது ஐம்பது வயது. நிகழ்ச்சிக்கு முன்னால் கழுத்துத் தண்டுவடத்தில் அறுவை சிகிச்சை, தைராய்டில் இருந்த ஒரு புற்றுநோய்க் கட்டியும் எடுக்கப்பட்டிருந்தது. படத்தில் கூட ஆடிய பேட்ரிக் ஸ்வேசி முந்தைய ஆண்டுதான் இறந்திருந்தார். பயிற்சி அறையில் பழைய பாட்டு ஒலித்ததும் ஜெனிஃபர் அழுதுவிட்டார். அந்த அழுகையை ஒதுக்கிவிட்டு அடியை மட்டும் சொல்லிக்கொடுக்க முயன்றிருந்தால் ஆட்டம் வந்திருக்காது என்பது என் கணிப்பு. முதல் வாரமே வியன்னா வால்ட்ஸ், அதுவும் அந்தப் படத்தில் வந்த ஒரு பாட்டுக்கே. கடைசிச் சுற்றில் முதுகுத் தட்டு விலகிய நிலையிலும் ஆடி, அந்த அம்மா கோப்பையை வாங்கினார்.

அப்புறம் ஏமி பர்டி. இவரைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும்.

பத்தொன்பது வயதில் மூளைக்காய்ச்சல் வந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்களையும் இழந்தவர். சிறுநீரகமும் போய், அப்பா தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். அதற்குப் பிறகு பனிச்சறுக்குப் பலகையில் ஏறி, 2014 மார்ச் 14-ம் தேதி ரஷ்யாவின் சோச்சியில் நடந்த பாராலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். நடன நிகழ்ச்சியின் முதல் நேரலை மார்ச் 17-ம் தேதி, லாஸ் ஏஞ்சலஸில். நடுவில் மூன்றே நாள். மாணவி ரஷ்யாவில் இருக்கிறார் என்றதும் டெரெக் கிளம்பி ரஷ்யாவுக்கே போய்விட்டார். பந்தயப் பயிற்சி முடிந்து மிஞ்சும் நேரத்தில் அங்கேயே சா-சா-சா என்ற லத்தீன் ஆட்டத்தில் பாடம்.

கணுக்கால் இல்லாமல் ஆடுவது என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள். வால்ட்ஸில் உடம்பு எழும்பி இறங்குகிறதே, அதில் பெரும்பங்கு கணுக்காலுடையது. தரை வழுக்குகிறதா, எடை எந்தக் காலில் இருக்கிறது என்று நமக்குச் சொல்வது உள்ளங்கால். ஏமிக்கு அந்தச் செய்தியே வராது. செயற்கைப் பாதத்தை ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு ஏற்றபடிதான் பொருத்துவார்கள். உயரம் கூடிய காலணியை மாட்டினால் முழங்கால் முன்னே தள்ளப்பட்டு, நிற்பதே சிரமம். ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரி வேறு வேறு பாதங்களைப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

வழக்கமான ஆசிரியர், மாணவியிடம் இல்லாதவற்றின் பட்டியலைத்தான் முதலில் போடுவார். நானும் அப்படித்தான் போட்டிருப்பேன்: கால்விரலை நீட்ட முடியாது, எம்ப முடியாது, சட்டென்று திரும்ப முடியாது. ஏமியிடம் இருந்தது என்ன? பலகையின் மேல் நின்று மலைச்சரிவில் இறங்குகிறவர் எடையை முழுக்க முழங்காலிலும் இடுப்பிலும் வைத்துச் சமாளிப்பவர். வயிற்றுத் தசைகள் இரும்பு மாதிரி. விழுந்தால் எப்படி விழுவது, எப்படி எழுவது என்பது பழகிப்போனது. டெரெக் அமைத்த ஆட்டங்கள் இந்தப் பக்கத்தில் இருந்துதான் எழும்பின. தரை சொல்லாத செய்தியை ஃபிரேம் சொன்னது. எங்கே சுழலலாம், எங்கே இவர் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதெல்லாம் அந்த உடம்பை அளந்து வைத்தவை. இரக்கத்தால் கொடுத்த மதிப்பெண் என்று யாரும் சொல்ல முடியாதபடி இறுதிச்சுற்றுவரை போய் இரண்டாம் இடம் வாங்கினார்கள். முதலிடம் பிடித்த மெரில் டேவிஸ், அதே ஆண்டு அதே சோச்சியில் பனி நடனத்தில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். அவரிடம் தோற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

டெரெக் மீது குறையே கிடையாதா என்றால், உண்டு. ஆட்ட அமைப்பில் அவருக்கு அபார மூளை. அதற்காக அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான எம்மி விருதும் ஒரு முறைக்கு மேல் வாங்கியிருக்கிறார். அந்த மூளை சில நேரம் பாடத்தை மூடிவிடும். விளக்கு, மேடைப்பொருள், துள்ளல் எல்லாம் போட்டுக் கண்ணைப் பறித்துவிட்டு, அடிப்படை அடியைத் தேடினால் குறைவாகவே அகப்படும். அந்த நிகழ்ச்சியின் தலைமை நடுவர் லென் குட்மேன் இந்த விஷயத்தில் கறாரான மனிதர். இங்கிலாந்தில் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து, பத்தொன்பது வயதில்தான் ஆட ஆரம்பித்து, டார்ட்ஃபர்ட் என்ற ஊரில் நடனப்பள்ளி நடத்தியவர். பிடியை விட்டுவிட்டு வேடிக்கை காட்டுவது அவருக்கு ஆகவே ஆகாது. வால்ட்ஸ் என்றால் வால்ட்ஸைக் காட்டு என்பார். நான் பெரும்பாலும் லென் கட்சி. ஆனாலும் ஒரு வாரத்துக்குள் புதிய ஆட்டத்தோடு மாணவியை மேடையேற்ற வேண்டும் என்ற நெருக்கடியில், ஆசிரியர் கொஞ்சம் சாமர்த்தியம் காட்டுவதைக் குற்றமாகவும் சொல்ல மாட்டேன்.

2020-ல் கொரோனாவால் லென் குட்மேன் இங்கிலாந்தில் இருந்து வர முடியாமல் போக, நடுவர் மேஜையில் டெரெக் வந்து உட்கார்ந்தார். பிறகு லென் திரும்பி வந்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து மதிப்பெண் போட்டார்கள். 2023 ஏப்ரலில் லென் காலமானார். கோப்பைக்கு இப்போது அவர் பெயர்தான். அதே ஆண்டு டிசம்பரில், டெரெக்கின் மனைவியும் நடனக்காரருமான ஹேலி, ஒரு நிகழ்ச்சி முடிந்த இரவு மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்து அறுவை சிகிச்சை செய்யும் நிலைக்குப் போனார். கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த ஆண்டே அவர் மறுபடியும் கணவரோடு மேடையில் ஆடினார்.

ஏமி பர்டியுடன் டெரெக் ஆடிய ஆட்டங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. பார்ப்பவர்கள் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை எல்லோரும் ஏமியின் கால்களைத்தான் பார்ப்போம், தவிர்க்க முடியாது. இரண்டாம் முறை டெரெக்கை மட்டும் பாருங்கள்: அவர் கை எங்கே பிடித்திருக்கிறது, எந்த இடத்தில் விட்டுவிடுகிறது, விட்ட பிறகு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று.

வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.