ஒரு மூலைக் கட்டடத்தின் சாப்பாட்டு வரலாறு

நேயர்களுக்கு வணக்கம்.

சேலம் பழைய பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு மூலைக் கட்டடம் இருக்கிறது. இன்று அது பிரியாணிக் கடை. அதற்கு முன் பேக்கரி, அதற்கும் முன் அசைவச் சாப்பாடு போடும் மிலிட்டரி ஓட்டல், எல்லாவற்றுக்கும் முன் காபி கிளப். கோயிலுக்குத் தலவரலாறு எழுதும் நாம் ஓட்டல் இருந்த இடத்துக்கு எழுதுவதில்லை. எழுதத்தான் வேண்டும். ஊரில் யார் யாரோடு சமமாக உட்கார்ந்தார்கள் என்பதை அங்கேதான் காண முடியும்.

1820களிலேயே கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டுக்குக் காபிச் செடியைக் கொண்டுவந்துவிட்டார். ஆனாலும் மலையில் விளைந்த காபி, அடிவாரத்து வீடுகளின் அன்றாடப் பானமாகப் பல தலைமுறைகள் பிடித்தன. அந்தப் பழக்கத்தைப் பரப்பியதில் காபி கிளப்புகளுக்குப் பெரும் பங்கு உண்டு. டபராவில் நுரை பொங்கும் காபி வரும், இலையில் இட்லி வரும். ஆனால் பந்தி பொதுவானதல்ல. தமிழ்நாட்டின் பல காபி கிளப்புகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது; தீண்டாமைக்கு ஆளானவர்கள் வாசலைத் தாண்டவே முடியாது. நான் சொல்லும் கட்டடத்தின் நடுவிலும் ஒரு மரத்தடுப்பு இருந்ததாக அந்தத் தெருப் பெரியவர்கள் சொல்வார்கள். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆவது பிரிவு, கடை, உணவகம், ஓட்டல் என்று பெயர் சொல்லியே இந்தப் பாகுபாட்டைத் தடை செய்தது. நாட்டின் தலையாய சட்டமே ஓட்டலைப் பற்றிப் பேச வேண்டியிருந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

மிலிட்டரி ஓட்டல் வந்தபோது தடுப்பு போய்விட்டது. நீண்ட பெஞ்சு, இடம் கிடைத்தவர் உட்கார்ந்தார். 1935இல் டி. ஆர். சுந்தரம் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸ் ஏற்காடு சாலையில் இயங்கிய காலம் அது. ஸ்டுடியோவில் செட் போட்ட தச்சர்களும், செவ்வாய்ப்பேட்டை மண்டிகளில் மூட்டை தூக்கியவர்களும், இரவு பஸ் ஓட்டுநர்களும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து குடல் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டதாகக் கேட்டிருக்கிறேன். அந்த பெஞ்சை நான் மிகவும் மதிக்கிறேன்.

வெளியூர் பஸ்கள் மெய்யனூர்ப் பக்கம் புதிய பேருந்து நிலையத்துக்கு மாறியதும் இரவுக் கூட்டமும் அங்கே போயிற்று. பரோட்டாக் கல் நேரத்தோடு ஆறியது. மிலிட்டரி ஓட்டல் நின்றது அதனால்தான். சமையலில் எந்தக் குறையும் இல்லை. பிறகு வந்த பேக்கரி சில காலம் நடந்தது. வாசலில் நிற்கும் தட்டுவடை செட் வண்டி மட்டும் இடம் மாறவில்லை. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சட்னி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம். கல்லூரி மாணவரும் நகைப் பட்டறைத் தொழிலாளியும் அங்கே நின்றபடியே சாப்பிடுகிறார்கள்.

உங்கள் தெருவிலும் இப்படி ஓர் இடம் இருக்கும். அங்கே வேலை செய்த சரக்கு மாஸ்டரோ சப்ளையரோ இன்னும் இருந்தால் போய்ப் பேசுங்கள். என்ன சமைத்தார்கள், என்ன விலை என்று கேளுங்கள். யார் உள்ளே உட்கார்ந்தார்கள், யாருக்கு வெளியே வைத்துக் கொடுத்தார்கள் என்பதையும் தயங்காமல் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். வணக்கம்.