சத்தம் கேட்கிறது, பேச்சு விளங்கவில்லை

நேயர்களுக்கு வணக்கம். காது கேளாமையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றதும், காது கேட்காதவர்களுக்கு வானொலியில் உரையா என்று என் வீட்டிலேயே சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் பேச வந்தது அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கிற உங்களிடம். காது பரிசோதனை செய்வது என் தொழில். காது மெஷின் வாங்கிக் கொடுத்தாயிற்று, இனி அப்பா பாடு என்று பிள்ளைகள் கை கழுவிய வீடுகளில், அந்த மெஷின் ஒரு மாதத்துக்குள் அலமாரிக்குப் போய்விடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்களிடம் வருகிற வயதானவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்: "சத்தமெல்லாம் கேக்கு மக்களே, என்ன சொல்லுகாங்கன்னுதான் விளங்கல்ல." கூட வந்த மகன் உடனே, "அதெல்லாம் சும்மா, பென்ஷன் பேச்செடுத்தா மட்டும் நல்லாக் கேக்கும்" என்பான். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். உள்காதில் காக்ளியா என்று நத்தை ஓடு போல சுருண்ட ஒரு உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 நுண்முடி செல்கள். மனிதருக்கு இவை அழிந்தால் திரும்ப முளைக்காது. கீச்சென்ற ஒலிகளைப் பிடிக்கிற செல்கள் காக்ளியாவின் வாசலிலேயே இருக்கின்றன, வயதாலும் இரைச்சலாலும் முதலில் கெடுவது அவைதான். ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமானவை, அவை காதில் விழுந்துவிடும். ச, த, க, ப எல்லாம் மெலிந்த ஒலிகள், அவை நழுவிவிடும். அதனால் ஆள் பேசுவது தெரிகிறது, சொல் பிடிபடுவதில்லை. பெண்கள், குழந்தைகள் குரல் இன்னும் கஷ்டம். பென்ஷன் பேச்சு எப்படிக் கேட்கிறது என்றால், அதை முன்னால் உட்கார்ந்து நேருக்கு நேராகப் பேசுகிறீர்கள், என்ன விஷயம் என்பதும் அவருக்கு முன்பே தெரியும், பாதி கேட்டாலே மீதியை மூளை நிரப்பிக்கொள்ளும்.

அடுக்களையில் மிக்சி ஓடிக்கொண்டிருக்கும்போது மருமகள் உள்ளேயிருந்து, "மாமா, சாயாவுக்குச் சீனி போடவா?" என்று கேட்கிறாள். "தீனியா? இப்ப வேண்டாம்" என்கிறார் மாமா. வீடே சிரிக்கும், அவரும் சேர்ந்து சிரிப்பார். இது நாலைந்து தடவை நடந்தால் அவர் பதில் சொல்வதையே குறைத்துக்கொள்வார், எதைக் கேட்டாலும் "ஆங், சரி" என்று தலையாட்டுவார், அப்புறம் கல்யாண வீட்டுக்கு வரமாட்டேன், கால் வலிக்கிறது என்பார். கால் வலியெல்லாம் இல்லை. மண்டபத்தில் பாட்டுப் பெட்டி அலறுகிற இடத்தில் நாலு பேர் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்க அவருக்கு இஷ்டமில்லை. கேளாமையைக் கவனிக்காமல் விட்டால் பின்னாளில் மறதிநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை லான்செட் என்ற மருத்துவ இதழின் ஆணையம் 2020 அறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. ஆள் ஒதுங்கிப்போவதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? கத்தாதீர்கள். கத்தினால் உயிரொலிதான் பெரிதாகும், நழுவுகிற ச, த அப்படியே நழுவும். அதுபோக, இந்த மாதிரிக் காதுகளுக்கு மெல்லிய சத்தம் கேட்காது, கொஞ்சம் கூட்டினாலோ சட்டென்று வலிக்கும், "ஏன்டா கத்துக?" என்று அவர் எரிந்து விழுவது அதனால்தான். முதலில் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்த்த பிறகு, உங்கள் முகத்தில் வெளிச்சம் படுகிற மாதிரி நின்று, நிதானமாகச் சொல்லுங்கள். மிக்சியையும் டிவியையும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். விளங்கவில்லை என்றால் அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லாமல் மாற்றிச் சொல்லுங்கள், சீனி பிடிபடவில்லை என்றால் "சாயா இனிப்பா வேணுமா?" எல்லாவற்றையும்விட, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, விடுங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்கு அழுத பாட்டாக்களை என் அறையில் பார்த்திருக்கிறேன்.

மெஷின் விஷயத்துக்கு வருவோம். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று டெஸ்ட் எடுக்காமல் வாங்காதீர்கள், அதில் பலதும் வெறும் சத்தப்பெருக்கி. காதுக்கு எந்த ஒலி எவ்வளவு குறைகிறது என்று வரைபடம் எடுத்து (வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடதுக்கு நீலப் பெருக்கல் குறி), அதற்கேற்ப மெஷினை அமைக்க வேண்டும். போட்ட முதல் வாரம் பாத்திரம் வைக்கிற சத்தம், ஃபேன் சத்தம், சொந்தச் செருப்புச் சத்தம் எல்லாமே இடியாக விழும். பல வருடமாகக் கேட்காத சத்தங்கள், மூளை அவற்றை ஓரங்கட்டப் பழகுவதற்குச் சில வாரம் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும். முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், அப்புறம் மெல்லக் கூட்டலாம். பலர் அலமாரியில் வைப்பது இந்த முதல் வாரத்தில்தான், கூட இருந்து தைரியம் சொல்ல ஆள் வேண்டியதும் அப்போதுதான்.

நம்ம குமரி மாவட்டத்தில் இன்னொரு சங்கடம், ஈரம். இரண்டு பருவமழையும் உண்டு, கடற்கரையில் உப்புக்காற்று வேறு. ராத்திரி பேட்டரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். குளிக்கும்போது கழற்றிவிட வேண்டும். சிறிய பேட்டரிகளின் ஸ்டிக்கரை உரித்ததும் ஒரு நிமிடம் காற்றுப்பட விட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்யும். மெஷின் விசிலடித்தால் பெரும்பாலும் காதுக்குள் செருகுகிற அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் அழுக்கு அடைத்திருக்கிறது.

இனி இளவட்டங்களுக்கு. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் பக்கம் வள்ளத்தில் அவுட்போர்டு என்ஜினை ஒட்டி உட்கார்ந்து மணிக்கணக்காக ஓட்டுகிறவர்கள், கல் குவாரியிலும் மர மில்லிலும் வேலை பார்க்கிறவர்கள், செண்டை அடிக்கிற பையன்கள், இவர்களுக்கு அறுபதில் வர வேண்டியது நாற்பதிலேயே வந்துவிடும். சத்தத்தை அளக்கிற அளவு டெசிபல். 85 டெசிபல் என்றால் 8 மணி நேரம் தாங்கலாம், ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகக் குறையும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காதில் செருகுகிற ஃபோம் அடைப்பான் (இயர் பிளக்) மெடிக்கல் ஷாப்பில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. போட்டால் கூட்டாளிகள் கேலி செய்வார்கள், செய்யட்டும். கோயில் கொடைக்கும் பெருவிழாவுக்கும் கட்டுகிற ஒலிபெருக்கிக்கு இரவு 10 மணிக்கு மேல் தடை என்று 2000-ஆம் ஆண்டு விதியே இருக்கிறது, யார் கேட்கிறார்கள்.

பணவசதி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி, இரண்டு காதிலும் 60 டெசிபல் முதல் 70 வரை குறைவு இருந்தால் செவித்திறன் குறைந்தவர், 70-க்கு மேல் செவித்திறன் இழந்தவர். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, சான்றிதழ் பற்றிக் கேளுங்கள். இலவசக் கருவிக்கு மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பிறந்த குழந்தை கதவு அடிக்கிற சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்றால் பேச்சு வரும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே பரிசோதியுங்கள்.

கடைசியாக ஒன்று. நேற்று வரை நன்றாகக் கேட்ட காது, காலையில் எழுந்தால் திடீரென்று அடைத்துப் போய், கூடவே ஒரு இரைச்சல். ஜலதோஷம், அழுக்கு என்று நினைத்துத் தேங்காயெண்ணெய் காய்ச்சி ஊற்றுவது நம்ம வீடுகளில் வழக்கம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெயே சீழாக்கிவிடும். அழுக்காகவே இருந்துவிட்டால் நல்லது, டாக்டர் பார்த்து எடுத்துவிடுவார். அழுக்கு இல்லையென்றால் அது நரம்புக் கோளாறாக இருக்கலாம், அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் கேட்கும் திறன் திரும்புகிற வாய்ப்பு அதிகம், இரண்டு வாரம் கடந்துவிட்டால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே காது டாக்டரிடம் போங்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தாலும் சரி. வணக்கம்.