சிவப்புக் கோடு போட்ட மாத்திரை
(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொன்னாடையோடு வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, புறநோயாளிக் கூட்டத்தை முடித்த கையோடு ஓடி வந்திருக்கும் அரசு மருத்துவர் அம்மா அவர்களே, மருந்து வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே! செயலாளரைத் தனியாக வணங்கக் காரணம் உண்டு. நான் பேசப்போவது அவர் தொழிலைப் பற்றி. பேசி முடித்த பிறகும் அவர் எனக்கு நண்பராகவே இருக்க வேண்டும். நாற்காலி போட்ட நூலகப் பணியாளர்களுக்கும் மைக் செட் தம்பிக்கும் வணக்கம்.

பாக்டீரியாக் கிருமிகளைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்கு அந்தக் கிருமிகள் அடங்காமல் போவதைப் பற்றி மூன்று செய்திகள் குறித்து வந்திருக்கிறேன். ஒன்று, சென்னை தரமணியில் நடந்த ஓர் ஆராய்ச்சி. இரண்டு, ஆஸ்பத்திரியில் கை கழுவுவது. மூன்று, கோழிப் பண்ணையில் இந்த மருந்துகள்.

தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல்.முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே கார்த்திகேயன் குமாரசாமி என்ற ஆய்வு மாணவர், நோயாளிகளிடம் எடுத்த கிருமிகளைச் சோதித்து வந்தார். வேறு எதற்கும் அடங்காத கிருமிக்கென்று டாக்டர்கள் ஒதுக்கி வைத்திருக்கிற ஊசிகள் மெரோபெனெம், இமிபெனெம். அவற்றையே சிதைத்துப் போடும் நொதி அந்தக் கிருமிகளிடம் இருந்தது. என்டிஎம்-1 என்று பெயர்; முதல் இரண்டு எழுத்தும் நியூ டெல்லியைக் குறிப்பவை. பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்து டிமதி வால்ஷ் முதலானோருடன் சேர்ந்து 2010 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியிட்டார். அந்த நொதி இருந்த கிருமி மாதிரிகள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா, பாகிஸ்தானின் மற்ற ஊர்களில் 73. நாம் என்ன செய்தோம்? டெல்லியின் பெயரை எப்படி வைக்கலாம் என்று நாடாளுமன்றம் வரை போய்ச் சத்தம் போட்டோம். கிருமி பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதன் வேலை லேசுப்பட்டதல்ல. அந்த நொதிக்கான மரபணு பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், இ.கோலை கிருமி அதைப் பக்கத்திலிருக்கும் கிளெப்சியெல்லா என்ற இன்னொரு கிருமிக்குக் கைமாற்றிவிடும். இனம் வேறானாலும் கொடுக்கல் வாங்கல் உண்டு! அந்த ஆய்வில் இந்தக் கிருமிகள் பெரும்பாலும் அடங்கியது கோலிஸ்டின், டைகிசைக்ளின் என்று இரண்டொரு மருந்துக்குத்தான். கோலிஸ்டினோ சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்று டாக்டர்கள் பல காலம் ஓரங்கட்டி வைத்திருந்த பழைய மருந்து.

இந்த நிலைக்கு எப்படி வந்தோம்? என் பேச்சை முன்பே கேட்டவர்களுக்குத் தெரியும், நான் பாட்டியின் பழமொழி இல்லாமல் மேடை இறங்குவதில்லை: மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினானாம்.

எங்கள் தெருவில் ஒரு மாமா இருந்தார். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். அவர் வீட்டில் ஒரு பிஸ்கட் டப்பா. யாருக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை மிச்சமானாலும் டப்பாவுக்குள் போய்விடும். ஐந்து நாளைக்குக் கொடுத்ததை இரண்டு நாளில் நிறுத்திவிட்டு, "மாமா, வெச்சுக்குங்க, யாருக்காவது உதவும்" என்று கொண்டுபோய்க் கொடுப்போம். யாராவது தும்மினால் டப்பா திறக்கும். பையனுக்கு முழு மாத்திரையா பாதியா என்பதை ஆளைப் பார்த்தே முடிவு செய்வார். 2016-ல் மத்திய அரசு ஒரு விளம்பரம் செய்தது: அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டில்லாமல் சாப்பிடாதீர்கள் என்று. அடுத்த வாரம் மாமாவிடம் ஒரு அம்மா சளிக்கு மாத்திரை கேட்டார். மாமா டப்பாவைக் கிளறி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஓர் அட்டையை எடுத்தார். "இந்தாம்மா, சிவப்புக் கோடு போட்டது. இதுதான் பவர் ஜாஸ்தி. கவர்மென்ட்டே டிவியில சொல்லிட்டான்!"

சிரிக்கிறீர்கள். சளி பெரும்பாலும் வைரஸால் வருவது. அந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது. வயிற்றில் சிவனே என்று கிடக்கிற பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். சாகாமல் தப்பியவை பெருகும். மூட்டைப்பூச்சி அப்படியே இருக்கிறது, வீடு எரிந்துவிட்டது. நல்லவேளை, செயலாளரும் சிரிக்கிறார்.

கை கழுவுவதைப் பற்றி: 1847-லேயே வியன்னா பிரசவ வார்டில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் குளோரின் கரைசலில் மற்ற டாக்டர்களைக் கை கழுவ வைத்துச் சாவைக் குறைத்துக் காட்டினார். வார்டுக்கு வார்டு குழாயும் சோப்பும் வேண்டும். மருத்துவர் அம்மா இதை என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நான் வந்த காரியத்துக்கு வருகிறேன். 2012-ல் மருத்துவ சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று செய்தது. சீட்டில்லாத ஆன்டிபயாட்டிக் விற்பனையை ஒரே நாளில் முழுக்கத் தடுக்காதே, டாக்டரே இல்லாத கிராமம் என்ன செய்யும், படிப்படியாகப் போ என்றார்கள். நடைமுறை தெரிந்த பேச்சு. 2014 மார்ச் 1 முதல், மருந்து விற்பனை விதிகளில் எச்1 என்ற பட்டியல் அமலானது. அப்போது அதில் 46 மருந்துகள், பாதிக்கு மேல் ஆன்டிபயாட்டிக். அவற்றை விற்றால் சீட்டு எழுதிய டாக்டர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, அளவு எல்லாம் தனிப் பதிவேட்டில் ஏற வேண்டும். மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

ஐயா, அந்தப் பதிவேட்டை உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்குங்கள். சரி, இறக்கிக்கொள்ளுங்கள், தூக்கியவர் செயலாளர் மட்டும்தான்.

நம் வட்டாரத்தில் எல்லா மருந்துக் கடைகளிலும் மாதம் ஒரு முறை அந்தப் பதிவேட்டைச் சோதிக்க வேண்டும் என்று எங்கள் நுகர்வோர் மன்றம் மருந்து ஆய்வாளருக்கு மனு எழுதியிருக்கிறது. ஒழுங்காக விற்கிற கடைக்காரருக்கும் இதுதான் பாதுகாப்பு. சீட்டில்லாமல் கேட்டு நச்சரிக்கிறவரிடம் "பதிவேடு இருக்கிறது, முடியாது" என்று சொல்லிவிடலாம்.

தலைவர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். கோழிப் பண்ணை பாக்கி. அழைத்தால் இன்னொரு நாள் வருகிறேன். மனு வாசலில் புத்தக மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீ குடிக்கப் போகும் வழிதான், பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். செயலாளர் முதல் கையெழுத்துப் போடுவதாகக் கீழே இறங்கும்போதே ஒப்புக்கொண்டால் எனக்குப் பெரிய உதவி. வணக்கம்.