பஸ் சார்ஜும் நோக்கத்துல சேர்த்திதான்

வணக்கம் நேயர்களே. போன வாரம் ரேடியோ ஸ்டேஷன்ல இருந்து போன் பண்ணி, ஒரு அமைப்போட நோக்கமும் அதோட அன்றாட வேலையும் எப்படி ஒத்துப்போகணும்னு பேசுங்கன்னு சொன்னாங்க. எனக்கு கொஞ்சம் உதறல்தான், ஏன்னா நான் மேனேஜ்மென்ட் படிச்சவன் இல்ல, ஒரு டிரஸ்ட்ல இருபது வருசமா கணக்கு எழுதுறவன். அதனால தெரிஞ்சத சொல்றேன், மொதல்ல எங்க பெரியம்மா கதையில இருந்து.

பெரியம்மாவுக்கு கண்ணுல புரை. வயசானா மங்கத்தான செய்யும்னு அவங்களே முடிவு பண்ணிட்டு சும்மா திண்ணையில உக்காந்திருந்தாங்க, ஆபரேஷன் இலவசம்னு சொன்னா "இலவசந்தான், மதுரைக்கு போக வர பஸ்ஸுக்கு யாரு குடுப்பா, கூட வர்றவன் ரெண்டு நாள் கூலிய யாரு குடுப்பா"ன்னு கேப்பாங்க. நாங்க யாரும் பதில் சொல்லல. அப்புறம் ஊர் ஸ்கூல்ல அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்காரங்க கேம்ப் போட்டாங்க, டார்ச் அடிச்சு பாத்தாங்க, பிரஷர் சுகர் பாத்தாங்க, ஆபரேஷன் வேணும்னு எழுதினவங்கள அன்னைக்கே பஸ்ல ஏத்திட்டாங்க. சாப்பாடு, தங்குறதுக்கு பாய், திரும்பி கொண்டுவந்து விடுறது எல்லாம் அவங்க பொறுப்பு. ஒரே ஊர்க்காரங்க சேர்ந்தே போனதால பெரியம்மாவுக்கு பயமும் இல்ல, வார்டுலயும் ஊர்க்கதைதான் ஓடிச்சாம். கறுப்பு கண்ணாடி போட்டுக்கிட்டு பஸ்ஸ விட்டு இறங்கினவங்க என்னைய பாத்து மொதல்ல சொன்னது "என்னடா இப்படி நரைச்சுப் போச்சு".

இந்த ஆஸ்பத்திரிய ஆரம்பிச்சது டாக்டர் வெங்கடசாமி, எல்லாரும் டாக்டர் வி-ன்னு சொல்வாங்க. 1976ல, கவர்மென்ட் வேலையில ரிட்டயர் ஆகி, 58 வயசுல, மதுரையில ஒரு வீட்ல 11 படுக்கையோட. ரொம்ப வருசம் முன்னாடியே முடக்குவாதம் வந்து விரல் எல்லாம் கோணிப்போச்சு அவருக்கு, அந்தக் கையிலயே கத்தி பிடிக்க திரும்பப் பழகி ஆபரேஷன் பண்ணவரு. தடுக்கக்கூடிய குருட்டுத்தன்மை இருக்கக் கூடாது, அவ்வளவுதான் நோக்கம். இந்த மாதிரி ஒரு வாசகத்த யாரு வேணா போர்டுல எழுதி ரிசப்ஷன்ல மாட்டிரலாம், எங்க டிரஸ்ட்லயும் ஒண்ணு தொங்குது, வெள்ளிக்கிழமையானா பூ போடுவோம்!

ஆனா அங்க அந்த ஒரு வரி எங்க எல்லாம் போயிருக்குன்னு பாருங்க. ஆபரேஷன் தியேட்டர்ல ரெண்டு டேபிள் பக்கத்து பக்கத்துல கிடக்கும், டாக்டர் ஒருத்தருக்கு முடிக்கிறதுக்குள்ள அடுத்த டேபிள்ல அடுத்த ஆள் ரெடியா படுத்திருப்பாரு, மைக்ராஸ்கோப்ப இந்தப் பக்கம் திருப்புனா வேலை ஆரம்பம். ஏன்னா ஆபரேஷன் பண்றவங்கதான் குறைச்சல், அவங்க நேரம் வீணாகக் கூடாது. மத்த வேலை எல்லாம், பார்வை டெஸ்ட் பண்றது, ஆள தயார் பண்றது, தைரியம் சொல்றது, இதுக்கு கிராமத்துல பிளஸ் டூ முடிச்ச பொண்ணுங்கள எடுத்து ரெண்டு வருசம் டிரெய்னிங் குடுத்து வச்சிருக்காங்க, சிஸ்டர்னு கூப்பிடுவாங்க. காசு குடுக்குறவங்ககிட்ட வர்றதுலதான் காசில்லாதவங்களுக்கும் நடக்குது, டாக்டருங்களும் ரெண்டு பக்கமும் மாறி மாறி பாப்பாங்க.

லென்ஸ் விசயம் இன்னும் சுவாரஸ்யம். முன்னாடி புரை எடுத்தா சோடாபுட்டி கண்ணாடிதான், அது உடைஞ்சா பழையபடி குருடு மாதிரிதான். உள்ள வைக்கிற லென்ஸ் வந்துச்சு, ஆனா வெளிநாட்டு சரக்கு, ஏழைக்கு கட்டாது. வேற ஆஸ்பத்திரியா இருந்தா காசு உள்ளவங்களுக்கு லென்ஸ், இல்லாதவங்களுக்கு கண்ணாடின்னு ரெண்டு கவுன்டர் போட்டுட்டு போயிருப்பாங்க. இவங்க 1992ல ஆரோலேப்னு ஒண்ணு ஆரம்பிச்சு மதுரையிலயே லென்ஸ் செய்ய ஆரம்பிச்சுட்டாங்க, விலை மளமளன்னு இறங்கிடுச்சு. கண் டாக்டருங்க ஃபேக்டரி நடத்துறது வேண்டாத வேலைன்னு அப்ப தோணியிருக்கும், எனக்கே தோணியிருக்கும்.

சரி, இப்ப என் பக்கம் வர்றேன், இது கொஞ்சம் வெக்கக்கேடு. எங்க டிரஸ்ட் ஏழைப் பிள்ளைங்களுக்கு படிப்பு உதவித்தொகை குடுக்கும், பேரு வேண்டாம். ஃபாரம் ஆறு பக்கம், வருமான சான்றிதழ், சாதி சான்றிதழ், ஹெட்மாஸ்டர் கையெழுத்து, கெஸட்டட் ஆபீசர் கையெழுத்து, மூணு போட்டோ. அந்த ஃபாரத்த தயார் பண்ணவன் நான்தான், நல்லா டைட்டா பண்ணிருக்கேன்னு பெருமை வேற. வருசாவருசம் மார்ச் மாசம் பணம் மிஞ்சும், நாங்க அத கணக்குல சேமிப்புன்னு காட்டுவோம், மீட்டிங்ல கைதட்டுவாங்க. ஒரு நாள் ஒரு அம்மா வந்தாங்க, மூணாவது தடவை. தடவைக்கு ஒரு கையெழுத்து குறையுது. நான் ஃபாரத்த திருப்பிக் குடுத்தப்ப கோபப்படல, இடுப்புல இருந்த சுருக்குப்பைய எடுத்து சில்லறைய எண்ணிப் பாத்தாங்க, திரும்பிப் போக பஸ் சார்ஜ் இருக்கான்னு. எனக்கு எங்க பெரியம்மா ஞாபகம் வந்துருச்சு, சட்டுனு மூஞ்சிய வேற பக்கம் திருப்பிக்கிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி உக்காந்து எங்க ரிஜிஸ்டர புரட்டினேன். எத்தனை ஃபாரம் வந்துச்சு, எத்தனை தள்ளினோம், எவ்வளவு மிஞ்சிச்சு எல்லாம் இருக்கு. தள்ளின பிள்ளை அப்புறம் படிச்சுச்சா, அத எழுத ஒரு கட்டமே இல்ல. போர்டுல கல்வி கல்வின்னு இருக்கு, நான் தினம் எண்ணுனது பேப்பர. திருட்டுத்தனமா யாரும் பணம் வாங்கிரக் கூடாதுன்னு பயந்து பயந்து, வாங்க வேண்டியவங்களயும் வெரட்டி விட்டிருக்கோம்.

இப்ப ஃபாரம் ஒரு பக்கம். விசாரிக்கணும்னா நாங்க ஸ்கூலுக்கு போறோம், எங்க பெட்ரோல்ல. ரிஜிஸ்டர்ல புதுசா ரெண்டு கட்டம், எத்தனை தடவை அலைஞ்சாங்க, அடுத்த வருசம் ஸ்கூல்ல இருக்காங்களா. போன மார்ச்ல பணம் மிஞ்சல, மீட்டிங்ல யாரும் கைதட்டவும் இல்ல. கெஸட்டட் ஆபீசர் கையெழுத்து மட்டும் இன்னும் இருக்கு, ஆடிட்டர் விட மாட்டேங்குறாரு. அடுத்த மாசம் திரும்பவும் அவர்கிட்ட பேசணும்.