ரதி அழும் இரவு

தாய்மாரே, அண்ணன் தம்பிமாரே, வணக்கம். நம் தேயிலைத் தோட்டத்தில், காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றிய களத்துக்கு முன்னால் நின்று மனநோயைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வினோதமாக இருக்கலாம். இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

மாசியில் காமனைச் சிவன் எரித்ததும் ரதி ஒப்பாரி வைக்கிறாளே, அப்போது கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? ரதி வேஷம் கட்டியிருப்பது பக்கத்து லயத்து வரிசைவீட்டுப் பையன்தான். எல்லாருக்கும் அது தெரியும். இருந்தும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறார்கள். விடிந்தால் பெரட்டு, வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நிற்க வேண்டும். கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அவர்களுக்கு அழ வேறு நேரம் ஏது? அந்த இரவில் மட்டும் "ஏன் அழுகிறாய்" என்று யாரும் கேட்பதில்லை. பக்கத்தில் இருப்பவளும் அழுகிறாள்.

அமெரிக்காவில் 89,708 பெண் தாதியரைப் பல வருடங்கள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. வாரம் ஒரு தடவையாவது வழிபாட்டுக்குப் போனவர்களிடையே தற்கொலை, போகாதவர்களிடம் இருந்ததில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். அவர்கள் வாழ்க்கை வேறு, நம் வாழ்க்கை வேறு, சரி. ஆனால் அங்கே கணக்கெடுத்தது, எத்தனை தடவை போய் மற்றவர்களோடு கூடினார்கள் என்பதை. நம் களத்தில் நடப்பதும் அதுதானே?

இதே நம்பிக்கை ஆளை நொறுக்குவதையும் நான் கண்டிருக்கிறேன். என் சித்திக்குப் பிள்ளை பிறந்த இரண்டாம் வாரம் தூக்கம் போய்விட்டது. பிள்ளையைத் தொட மறுத்தார். பேய் என்றார்கள். கோடாங்கி வந்தார், உடுக்கு அடித்தார், வேப்பிலையால் விளாசினார். அந்த அடியைக்கூடச் சித்தி மறந்துவிட்டார். "நேர்த்தியை மறந்தாய், அம்மன் தண்டிக்கிறாள்" என்று வீட்டில் சொன்னதைத்தான் அவரால் மறக்க முடியவில்லை. கடவுள் கூட நிற்கிறார் என்று நம்புகிறவர் துன்பத்தைத் தாங்குகிறார், கடவுள் தண்டிக்கிறார் என்று நம்புகிறவருக்குத் துன்பம் இரட்டிப்பாகிறது என்பதை உளவியலாளர் கென்னத் பார்கமென்ட் நிறைய எழுதியிருக்கிறார். சித்திக்கு வந்தது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனநோய். மருந்தில் தேறினார். அடுத்த மாசியில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, இதே களத்தில் உட்கார்ந்திருந்தார்.

பூசாரி ஐயா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். குறி கேட்க வருகிறவர் நாள்கணக்காகத் தூங்கவில்லை, சாக வேண்டும் போலிருக்கிறது என்றால் திருநீறு போடுங்கள், நூலும் கட்டுங்கள். அப்புறம் "வா, ஆஸ்பத்திரிக்கு நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள். எங்கள் பேச்சைக் கேட்காதவர்கள் உங்கள் பேச்சைக் கேட்பார்கள். இலங்கையின் தேசிய மனநல நிறுவனத்தை 1926 என்ற இலக்கத்தில் இரவிலும் அழைக்கலாம். அதைக் கோயில் சுவரில் எழுதத் தலைவர் சம்மதித்துவிட்டார். பெயின்ட் கொண்டுவந்திருக்கிறேன். கையெழுத்து அழகாக உள்ள பிள்ளைகள் யாராவது முன்னால் வாருங்கள்.