சளியா, ஃப்ளூவா? எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று முதலில் சொல்லுங்கள்

வணக்கம். கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கேமராவை வைத்திருக்கிறேன். பின்னால் மழைச் சத்தம் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மாதத்து மயிலாடுதுறையில் மழை இல்லாத மதியத்துக்கு நான் எங்கே போவேன்? புதிதாகப் பார்க்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. நோயைக் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை இல்லை. ஆனால் மருத்துவரிடம் போகவேண்டிய ஆள் யார், ரசம் சாப்பிட்டுப் படுத்தால் போதும் என்கிற ஆள் யார் என்று கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்பவளுக்கு ஓரளவு தெரியும். இன்றைக்கு அதைத்தான் பேசப்போகிறேன்.

இந்த மாதம் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது ஒன்றுதான். "சளிக்காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை கொடுங்கள்." சளியும் காய்ச்சலும் ஒரே சொல்லாகி, ஒரே பொட்டலமாகவும் ஆகிவிட்டன. பதிலுக்கு நான் கேட்கும் முதல் கேள்வி, "எப்போது ஆரம்பித்தது?" நாளைச் சொன்னால் போதாது, மணியைச் சொல்லுங்கள் என்பேன். சிலர் என்னை வினோதமாகப் பார்ப்பார்கள்.

போன வாரம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வந்தார். "அக்கா, நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நன்றாகத்தான் இருந்தேன். மூன்று மணி இருக்கும், புடவை மடித்துக்கொண்டிருந்தபோது திடீரென்று குளிர் எடுத்தது. நாலு மணிக்கு என்னால் நிற்க முடியவில்லை" என்றார். கண் சிவந்து, போர்வையைத் தோளில் சுற்றிக்கொண்டு, பேசும்போதே பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். மூக்கு ஒழுகவில்லை. தும்மல் இல்லை. வறட்டு இருமல் மட்டும். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு மூக்கு சிவந்து, கையில் நனைந்த கைக்குட்டை. எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், "திங்களா செவ்வாயா தெரியவில்லை, முதலில் தொண்டை கரகரத்தது, அப்புறம் மூக்கு..." என்று இழுத்தார். அந்த அம்மாவுக்கு ஜலதோஷமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்தத் தம்பியை மாத்திரை கொடுக்காமல் மருத்துவரிடம் அனுப்பினேன்.

சாதாரணச் சளிக்குப் பெரும்பாலும் ரைனோ வைரஸ்தான் காரணம். அதில் மட்டும் 150-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அதனால்தான் ஒரு தடவை வந்து போன பிறகும் அடுத்த மாதம் மறுபடி வருகிறது. மூக்குக்குள் இருக்கும், உடம்பின் மற்ற இடங்களைவிடச் சற்றுக் குளிர்ந்த சூடு இந்த வைரஸுக்குப் பிடித்தமானது. ஆகவே தொல்லையெல்லாம் மூக்கையும் தொண்டையையும் சுற்றியே நிற்கும். முதல் நாள் தொண்டை கரகரப்பு, மறுநாள் தண்ணீராக ஒழுகும் மூக்கு, அடுக்கடுக்காகத் தும்மல், பிறகு மூக்கடைப்பு, குரல் மாற்றம். பெரியவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் லேசாகத்தான் இருக்கும். எரிச்சலாக இருக்கும், ஆனாலும் எழுந்து பால் காய்ச்ச முடியும், பஸ் பிடிக்க முடியும். ஒரு வாரம், பத்து நாளில் போய்விடும். இருமல் மட்டும் இன்னும் சில நாள் இழுக்கலாம்.

ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸ் தருவது. இது மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிற ஆள். 102, 103 டிகிரி என்று ஏறும் காய்ச்சல், நடுக்கம், தலைவலி, கைகால் குடைச்சல், வறட்டு இருமல் எல்லாம் சில மணி நேரத்துக்குள் ஒன்றாக வந்து இறங்கும். வைரஸ் தசைக்குள் போய்விட்டதால் உடம்பு வலிப்பதில்லை. அதை எதிர்க்க உடம்பு ரத்தத்தில் அவிழ்த்துவிடும் ரசாயனங்கள்தான் உங்களைக் கட்டிலோடு கட்டிப்போடுகின்றன. காய்ச்சல் மூன்று நான்கு நாளில் இறங்கினாலும் அசதி இரண்டு வாரம்கூட நிற்கும். "காய்ச்சல் விட்டுவிட்டதே, ஏன் மாடிப்படி ஏற முடியவில்லை?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மணி கேட்கும் இந்தக் கணக்கு இரண்டு பேரிடம் எடுபடாது. ஒன்று, வயதானவர்கள். எழுபது எண்பது வயதில் ஃப்ளூ வந்தால் காய்ச்சல் ஏறாமலேகூட இருக்கலாம். திடீரென்று சாப்பாடு வேண்டாம் என்பார், எழுந்திருக்கமாட்டார், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார். "வயசாகிவிட்டது, அப்படித்தான்" என்று அதை விட்டுவிடக் கூடாது. இன்னொன்று சின்னக் குழந்தைகள். வெறும் சளிக்கே அவர்களுக்கு நல்ல காய்ச்சல் அடிக்கும். ஃப்ளூவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும்கூடச் சேர்ந்துகொள்ளும். குழந்தை விஷயத்தில் என் கடைக்கு வருவதைவிட நேராகக் குழந்தை மருத்துவரிடம் போவது நல்லது.

சளியின் நிறத்தைப் பற்றியும் பேசவேண்டியிருக்கிறது. "மஞ்சளாக வருகிறது, பச்சையாக வருகிறது, ஆன்ட்டிபயாட்டிக் கொடுங்கள்" என்று வருபவர்களோடு தினமும் எனக்கு வாக்குவாதம். அந்தப் பச்சை நிறம் உங்கள் உடம்பின் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். அவை சண்டைக்கு வந்து மடிந்திருக்கின்றன, அவ்வளவுதான். வைரஸ் சளியிலும் மூன்றாம் நான்காம் நாள் அப்படி ஆகும். அசித்ரோமைசின் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. சளியோ ஃப்ளூவோ தருகிற எந்த வைரஸையும் அது ஒன்றும் செய்யாது. சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

காய்ச்சலைத் தெர்மாமீட்டரில் பாருங்கள். நெற்றியில் புறங்கையை வைத்துவிட்டு "கொதிக்கிறது" என்பது அளவு ஆகாது. இதோ, சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். முனையை அக்குளின் நடுக்குழியில், தோல் மேல் படும்படி வைத்துக் கையை உடம்போடு ஒட்டிக்கொள்ளுங்கள். பனியன் மடிப்பில் மாட்டியிருந்தால் துணியின் சூட்டைத்தான் காட்டும். பீப் சத்தம் வரும்வரை எடுக்காதீர்கள். அக்குளில் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிடச் சுமார் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகக் காட்டும். பாராசிட்டமால் போட்டு ஒரு மணி நேரத்தில் பார்த்துவிட்டுக் காய்ச்சலே இல்லை என்று சொல்லாதீர்கள். மாத்திரை போட்ட நேரத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். மருத்துவருக்கு அந்தத் தாள் மிகவும் உதவும்.

சரி, சளியா ஃப்ளூவா என்று பிரித்துப் பார்த்து என்ன ஆகப்போகிறது, இரண்டுக்கும் ஓய்வும் கஞ்சியும்தானே என்று கேட்கலாம். நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கும் முப்பது வயதுக்காரருக்கு அது ஏறக்குறைய உண்மை. ஆனால் ஃப்ளூவுக்கு ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து இருக்கிறது, சளிக்கு இல்லை. அந்த மருந்தை நோய் ஆரம்பித்த 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். நான் மணி கேட்பது இதற்காகத்தான். ஆரோக்கியமானவர்களுக்கு அது நோயைச் சுமார் ஒரு நாள் குறைக்கும், பெரிய மாயம் ஒன்றும் இல்லை. கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள், ஆஸ்துமா, சர்க்கரை, இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் என்றால் கதை வேறு. இவர்களுக்கு ஃப்ளூ நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். இவர்கள் இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கக் கூடாது. மருத்துவர் சீட்டு எழுதினால்தான் அந்த மருந்தைத் தருவோம். ஒரு துணுக்கு: அந்த மருந்தைத் தயாரிக்கும் மூலப்பொருளை நெடுங்காலமாக அன்னாசிப்பூவிலிருந்துதான் எடுத்துவந்தார்கள், நம் பிரியாணியில் போடுகிற அதே பூ. அதற்காகப் பிரியாணியில் கூடுதலாக நாலு பூ போட்டுக்கொண்டு ஃப்ளூவுக்கு மருந்து சாப்பிட்டேன் என்று வந்துவிடாதீர்கள்!

இது துலா மாதம் அல்லவா. விடியற்காலையில் காவிரியில் முழுக்குப் போட்டுவிட்டு, நனைந்த தலையோடு கடைக்கு வந்து தும்முகிறவர்கள் உண்டு. ஐப்பசி கடைசி நாளின் கடைமுழுக்கு முடிந்த வாரம் இன்னும் அதிகம். குளிரில் நனைந்ததால்தான் சளியா? இங்கிலாந்தில் சாலிஸ்பரி பக்கத்தில் 1946-இல் சளி ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்கள். தொண்டர்களை வெந்நீரில் குளிக்கவைத்து, ஈரத்தோடு காற்று அடிக்கும் தாழ்வாரத்தில் நிற்கவைத்தும் பார்த்தார்கள். நனைந்தவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாகச் சளி பிடிக்கவில்லை. வைரஸ் இல்லாமல் சளி இல்லை என்பது மட்டும் உறுதி. கரையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு கூட்டமாக நிற்பதைத்தான் நான் சந்தேகப்படுவேன், தண்ணீரை அல்ல. ஆனால் என் மாமியாரிடம் இதைச் சொல்லி வென்றவர்கள் யாரும் இல்லை.

மழைக்காலம் என்றால் மூன்றாவதாக ஒருவர் வந்து குழப்புவார், டெங்கு. அதுவும் திடீர்க் காய்ச்சல், உடம்பு வலி என்றுதான் வரும். ஆனால் அதில் பொதுவாக மூக்கு ஒழுகலும் இருமலும் முன்னால் நிற்பதில்லை. கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி, குமட்டல், பிறகு தோலில் தடிப்பு என்று போகும். ஃப்ளூவில் காய்ச்சல் இறங்கினால் நிம்மதி. டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாளில்தான் கவனம் வேண்டும். வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம் என்று எது வந்தாலும் உடனே மருத்துவமனை. எது என்று தெரியாதவரை இபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்குவில் அந்த இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும். இதயத்துக்காக மருத்துவர் சொல்லித் தினமும் ஆஸ்பிரின் போடுகிறவர்கள் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். கொரோனாவும் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. அதை அறிகுறியை மட்டும் வைத்து ஃப்ளூவிலிருந்து பிரிக்க யாராலும் முடியாது. மூக்கில் குச்சி விட்டு எடுக்கும் பரிசோதனைதான் சொல்லும்.

இப்போது இந்த அட்டையைக் கிட்டத்தில் பாருங்கள். சளி மாத்திரை. பெயரை விரலால் மறைத்துக்கொள்கிறேன், எல்லாக் கம்பெனி மாத்திரையும் ஏறக்குறைய இப்படித்தான். பின்புறம் எறும்பு அளவு எழுத்தில் இருப்பதைப் படிக்கிறேன்: பாராசிட்டமால் 500 மில்லிகிராம், ஃபீனைலெஃப்ரின் 10, குளோர்பெனிரமைன் 2. முதலாவது காய்ச்சலுக்கு, இரண்டாவது மூக்கடைப்புக்கு, மூன்றாவது தும்மலுக்கு. மூன்றாவது தூக்கம் வரவைக்கும், வண்டி ஓட்டாதீர்கள். இரண்டாவது ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது, பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் கேட்காமல் போடாதீர்கள். பெரிய ஆபத்து முதலாவதில்தான். "சளிக்கு இது, காய்ச்சலுக்கு 650" என்று இரண்டையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது பாராசிட்டமால். ஒரே வேளையில் 1150 மில்லிகிராம் உள்ளே போகிறது. அதையே நாலு வேளை போட்டால் 4600. பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4000 மில்லிகிராமுக்கு மேல் போகவே கூடாது. கல்லீரல் கெட்டுப்போகும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்குக் கீழேயே கெடும்.

வீட்டு வைத்தியத்துக்கு நான் எதிரி இல்லை. மிளகு ரசமும் சுக்குக் காப்பியும் தொண்டைக்கு இதம், தண்ணீரும் உள்ளே போகிறது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் மட்டும் தராதீர்கள். ஆவி பிடிக்கும்போது கொதிக்கிற பாத்திரத்தை மடிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதில் வெந்துபோன பிள்ளைகளுக்குக் களிம்பு கேட்டு வருகிறார்கள், மனசு பதறுகிறது.

மூச்சு வாங்குவது, நெஞ்சுவலி, உதடு நீலம் பாரிப்பது, குழப்பம், சிறுநீர் குறைவது, குழந்தை மூச்சிழுக்கும்போது விலா உள்ளே குழிவது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்த வீடியோவை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள். காய்ச்சல் விட்டு இரண்டு நாள் தெளிவாக இருந்துவிட்டு மறுபடி காய்ச்சலும் இருமலும் அதிகமாக வந்தாலும் அப்படியே. ஃப்ளூவுக்குப் பின்னால் பாக்டீரியா நுழைந்திருக்கலாம், அங்கேதான் ஆன்ட்டிபயாட்டிக்குக்கு வேலை. கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடக்கும், எடுத்துப் பேட்டரி மாற்றி வையுங்கள். 94-க்குக் கீழே காட்டினால் காத்திருக்காதீர்கள்.

கடைசியாக ஊசி. ஃப்ளூ ஊசி சளியைத் தடுக்காது, ஃப்ளூவை மட்டும்தான். வைரஸ் ஆண்டுக்கு ஆண்டு உருமாறுவதால் ஊசியும் ஆண்டுதோறும் மாறுகிறது. முன்பு நான்கு வகை வைரஸுக்கு இருந்தது, பி யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் தென்படாததால் இப்போது மூன்றாகக் குறைத்து வருகிறார்கள். போட்டபின் பாதுகாப்பு வர இரண்டு வாரம் ஆகும். நம் பக்கம் ஃப்ளூ வடகிழக்குப் பருவமழையோடு ஏறுவதால், மழைக்கு முன்பே போட்டுக்கொள்வது உத்தமம். தாமதமாகிவிட்டவர்கள் இப்போதும் போடலாம், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: ஊசி மருந்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, சந்தைக்கும் போய்விட்டுச் சாயங்காலம் மருத்துவரிடம் போகாதீர்கள். அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்கவேண்டிய மருந்து. முதலில் மருத்துவரிடம் நேரம் கேட்டுக்கொண்டு வாருங்கள், ஐஸ் பையில் வைத்துத் தருகிறேன், நேராக அங்கே போங்கள். வாசலில் இரண்டு பேர் குடையோடு நிற்கிறார்கள், போய்ப் பார்க்கிறேன். வணக்கம்.