ஒரே அம்பு, ரெண்டு அர்த்தம்: பிளான்ட்யூஎம்எல்ல இருந்து மெர்மெய்டுக்கு

வணக்கம் மக்களே. இன்னிக்கு முழுக்க அம்புக்குறி மட்டும்தான். சீக்வென்ஸ் டயகிராம்ல, அதாவது யார் யாருக்கு எந்த வரிசையில மெசேஜ் அனுப்பறாங்கன்னு காட்டற படத்துல, அம்பு தப்பா இருந்தா எனக்கு எவ்வளவு கோவம் வரும்னு உங்களுக்குத் தெரியும். பிளான்ட்யூஎம்எல், மெர்மெய்ட் ரெண்டுமே நாம எழுதற வரிகளைப் படமா வரைஞ்சு தர்ற கருவிங்க. இந்த வாரம் பழைய பிளான்ட்யூஎம்எல் ஃபைல்களை மெர்மெய்டுக்கு மாத்தறதுல திரும்பவும் அதே தலைவலி.

ஸ்கிரீனைப் பாருங்க. பிளான்ட்யூஎம்எல்ல -> போட்டா முழுக்கோடு, நுனியில நிரப்பின தலை. யூஎம்எல்னு சாஃப்ட்வேர் படங்களுக்கு இருக்கற பொதுவான குறியீட்டுக் கணக்குல அது சிங்க்ரனஸ் கால்: கூப்பிட்டவங்க பதில் வர்ற வரைக்கும் காத்திருக்கணும். அந்த வரியை மெர்மெய்ட்ல ஒட்டுங்க. எர்ரர் வராது, படமும் வரும். ஆனா தலையே இல்லாத வெறும் கோடு! யார் யாரைக் கூப்பிட்டாங்கன்னே தெரியாது. எர்ரர் வந்திருந்தாக்கூடப் பரவாயில்ல, உடனே கண்ல பட்டிருக்கும்.

சரி, ->> ஆக்கினா மெர்மெய்ட்ல நிரப்பின தலை வந்துடும். ஆனா அதே ->> பிளான்ட்யூஎம்எல்ல மெல்லிசான திறந்த தலை, அதாவது அசிங்க்ரனஸ். ஒரே குறி, நேர் எதிர் அர்த்தம்! பேமென்ட் சர்வீஸ் பதிலுக்குக் காத்து நிக்குதா, இல்ல மெசேஜை அனுப்பிட்டு அடுத்த வேலையைப் பாக்குதாங்கிறதே மாறிடுது. மெர்மெய்ட்ல அசிங்க்ரனஸுக்கு -) போடணும்.

ஃபைண்ட் ரிப்ளேஸ் பண்றவங்க வரிசையை மாத்திடாதீங்க. முதல்ல ->> எல்லாத்தையும் -) ஆக்குங்க, அப்புறம்தான் -> எல்லாத்தையும் ->> ஆக்கணும். தலைகீழா பண்ணா ->>> ஆயிடும். சரியான வரிசையில போனா ரிப்ளைக்குப் போட்ட --> தானாவே -->> ஆயிடுது. அது எனக்கு அவ்ளோ சந்தோஷம்! இடப்பக்கம் பாத்த <- இருந்தா மட்டும் ரெண்டு பேரையும் இடம் மாத்தி கையால எழுதிடுங்க.

அடுத்தது ஆக்டிவேஷன் பார், அதாவது ஒருத்தர் வேலையில இருக்காங்கன்னு காட்டற செங்குத்துப் பட்டை. மெர்மெய்ட்ல அம்பை ஒட்டி + போட்டா பார் ஆரம்பிக்கும், - போட்டா முடியும். இப்படி நடந்தா இது, இல்லன்னா அதுன்னு பிரிச்சுக் காட்டற ஆல்ட் பிளாக்குக்குள்ள வெற்றி ஒரு கிளை, தோல்வி ஒரு கிளைன்னு வெச்சு ரெண்டுலயும் - போட்டா எர்ரர்தான். மெர்மெய்ட் மேலிருந்து கீழ வரி வரியா எண்ணிட்டுப் போகுது. முதல் கிளையிலயே பார் முடிஞ்சதா எடுத்துக்கும். ரெண்டு கிளையிலயும் - எடுத்துட்டு, அந்த பிளாக்கை முடிக்கிற எண்டுக்குக் கீழ ஒரே ஒரு டீஆக்டிவேட் எழுதுங்க.

அட, ஆரம்பத்துலயே சொல்லியிருக்கணும், விட்டுட்டேன். ஃபைல் மேல எல்லா பார்ட்டிசிபன்டையும் (மெசேஜ் அனுப்பற, வாங்கற ஒவ்வொருத்தரையும்) வரிசையா அறிவிச்சிடுங்க. இல்லன்னா முதல்ல யார் பேர் வருதோ அந்த வரிசையில நிக்க வெச்சிடும். டேட்டாபேஸ் நடுவுல வந்து நிக்கும், அம்பெல்லாம் குறுக்க ஓடும். எனக்கு டேட்டாபேஸ் வலது ஓரத்துலதான் இருக்கணும், அதுல விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

இன்னும் ஒண்ணு: மெசேஜ் வாசகத்துக்குள்ள செமிகோலன் போடாதீங்க. மெர்மெய்ட் அதைப் புது வரின்னு எடுத்துக்கும். வேணும்னா #59; எழுதுங்க, படத்துல செமிகோலனா வந்துடும்.